சேத்துல காட்மியம் 0.9: ஒரே மண்ணுக்கு ரெண்டு தீர்ப்பு, எதை நம்புறது?

கேள்வி, பிப்ரவரி 4, மாலை 6.15

ஆத்து வண்டல் டெஸ்ட் ரிப்போர்ட் ஒண்ணு படிச்சிட்டிருக்கேன். காட்மியம் கிலோவுக்கு 0.9 மில்லிகிராம்னு இருக்கு. ஒரு டேபிள்ல "கணிசமான சூழலியல் அபாயம்"னு போட்டிருக்காங்க, அடுத்த பக்கத்துலயே இன்னொரு டேபிள்ல "பாதிப்பு வர வாய்ப்பு குறைவு"ன்னு போட்டிருக்காங்க. ஒரே சேறு, ஒரே நம்பர். எது சரி? இன்னொண்ணு, அதே இடத்துல தண்ணி டெஸ்ட் பண்ணதுல காட்மியம் பிடிபடவே இல்லையாம். தண்ணியில இல்லாதது அடியில எப்படி வந்துச்சு?

பிப்ரவரி 4, இரவு 9.50

ரெண்டு டேபிளும் அதது கணக்குப்படி சரிதான், தலைவலியே அதான். முதல் டேபிள் ஹோகன்சன் 1980ல ஸ்வீடன் ஏரிகளை வச்சு போட்ட அபாயக் குறியீடா இருக்கணும். செய்றது ரொம்ப சுலபம்: கிடைச்ச அளவை பேக்ரவுண்ட் அளவால (மாசு இல்லாம இயற்கையா இருக்கிற அளவு) வகுக்கணும், ஒவ்வொரு உலோகத்துக்கும் ஒரு நச்சு எண் குடுத்திருக்கார், அதால பெருக்கணும். காட்மியத்துக்கு 30. விடை 40க்கு கீழன்னா குறைவு, 40-80 மிதம், 80-160 கணிசம், 160-320 அதிகம், அதுக்கு மேல மிக அதிகம்.

இப்ப உங்க 0.9ஐ போட்டுப் பாருங்க. ரிப்போர்ட் எழுதினவர் 1961ல டூரேகியனும் வெடபோலும் தொகுத்த சராசரி ஷேல் பாறை அளவான 0.3ஐ பேக்ரவுண்டா எடுத்திருக்கார்னு நினைக்கிறேன். 3 மடங்கு, 30ஆல பெருக்கினா 90, "கணிசம்". ஹோகன்சனே தன் பேப்பர்ல பயன்படுத்தின தொழிற்சாலைக் காலத்துக்கு முந்தின அளவு 1.0. அதைப் போட்டா 27, "குறைவு". பூமியோட மேலோட்டு சராசரின்னு 0.09 எடுக்கிறவங்களும் இருக்காங்க, அதுல 300 வரும், "அதிகம்". சேறு அங்கேயேதான் கிடக்கு, பேர் மட்டும் மூணு தடவை மாறிடுச்சு.

ரெண்டாவது டேபிள் 2000ல மெக்டொனால்ட், இங்கர்சால், பெர்கர் மூணு பேரும் நன்னீர் வண்டலுக்குத் தொகுத்த கோடுகள். காட்மியத்துக்கு கீழ்க்கோடு 0.99, மேல்கோடு 4.98. கீழ்க்கோட்டுக்கும் கீழ இருந்தா அடிமட்டத்துல வாழுற ஜீவன்களுக்கு பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது, மேல்கோட்டைத் தாண்டினா பெரும்பாலும் ஆகும், நடுவுல இருந்தா எப்படி வேணா இருக்கலாம். இந்தக் கோடுகளை நிஜ சேத்துல புழு பூச்சிகளை விட்டுப் பாத்த டெஸ்ட்டுகளோட ஒத்துப் பாத்திருக்காங்க, அதனால எனக்கு இது மேல கொஞ்சம் கூடுதல் மரியாதை. கொஞ்சம்தான்.

பிப்ரவரி 4, இரவு 10.20

தண்ணி விஷயத்தை விட்டுட்டேன். தண்ணி டெஸ்ட்ல வழக்கமா 0.45 மைக்ரான் ஃபில்டர் வழியா விட்டு, வடிஞ்சு வர்றதைத்தான் அளப்பாங்க. காட்மியம், ஈயம், காப்பர் எல்லாம் பெரும்பாலும் தண்ணியில தனியா சுத்திட்டு இருக்காது, களிமண் துகள், இரும்பு-மாங்கனீஸ் ஆக்சைடு பூச்சு, மக்கின இலைதழை இதுல எதுலயாவது போய் ஒட்டிக்கும். அந்தத் துகள் ஃபில்டர் மேலேயே நின்னுடும். ஓட்டம் வேகம் குறையுற இடத்துல படியும், அடுத்த வெள்ளத்துல கிளம்பும், கீழ எங்கயாவது மறுபடி படியும். ஒரு வருஷத்துல ஆறு கொண்டு போற உலோகத்துல பெரும் பங்கு சில வெள்ள நாள்லயே போயிடும். கோடையில ஒரு பாட்டில் தண்ணி எடுத்து "ஆறு சுத்தம்"னு சொல்றவங்களைப் பாத்தா எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

பிப்ரவரி 5, காலை 7.40

"அப்ப எதுக்கு ஷேல், பேசாம அந்த ஆத்துலயே ஆழமா குழாய் இறக்கி பழைய மண்ணை எடுத்து அதையே பேக்ரவுண்டா வச்சா முடிஞ்சுதே"ன்னு கீழ ஒருத்தர் கேட்டிருக்கார். செய்யலாம், நல்ல வழியும் அதான். ஆனா ஓடுற ஆத்துல அடுக்கு அடுக்கா படியாது, ஒரு வெள்ளம் பத்து வருஷத்து மண்ணை அள்ளிட்டுப் போய் வேற எங்கயோ கொட்டிடும். வெள்ளச் சமவெளி, அணைக்குப் பின்னாடி தேங்குற இடம், பழைய ஆத்து வளைவு ஏரியாகிப் போன இடம், இங்கதான் குழாய் இறக்கினா நம்பலாம். வயசு பாக்க கதிரியக்க ஈயம்-210 (அரை ஆயுள் சுமார் 22 வருஷம், நூறு நூத்தியம்பது வருஷம் வரைக்கும் கை குடுக்கும்), கூடவே அணுகுண்டு சோதனைகளால 1963 வாக்குல உச்சம் தொட்ட சீசியம்-137. ரெண்டும் ஒத்துப் போனா சந்தோஷப்படலாம்.

இன்னொரு இடைஞ்சல், ஆழத்துல இருக்கிற மண் அப்படியே மாறாம இருக்கும்னு நினைக்கக் கூடாது. ஆக்சிஜன் இல்லாத ஆழத்துல இரும்பும் மாங்கனீசும் கரைஞ்சு, அதோட ஒட்டியிருந்த ஆர்சனிக்கையும் கூட்டிக்கிட்டு மேல ஏறி, ஆக்சிஜன் இருக்கிற மேல் தோல்ல மறுபடி படியும். மேல ஆர்சனிக் ஜாஸ்தி, கீழ கம்மின்னு பாத்துட்டு "பாருங்க, சமீபத்துல மாசு கூடிடுச்சு"ன்னு எழுதிடுவாங்க. எந்தத் தொழிற்சாலையும் இல்லாமலே அந்தப் படம் வரும்.

பிப்ரவரி 5, காலை 8.05

பேக்ரவுண்டை விட பெரிய கோளாறு ஒண்ணு இருக்கு, அதை யாரும் கேக்கவே இல்ல: துகள் அளவு. ஒரு வளைவுல சாம்பிள் எடுக்கப் போனோம். உள் வளைவுல வழவழன்னு சேறு, காலை வச்சா முட்டி வரைக்கும் போகுது. எதிர்க்கரையில நறநறன்னு மணல். ரெண்டுக்கும் நடுவுல கல்லெறி தூரம்தான். ரிசல்ட் வந்தப்ப சேத்துல துத்தநாகம் மணலை விட பல மடங்கு. கூட வந்த ஒருத்தர் "சோர்ஸ் மாட்டிக்கிச்சு, அந்தக் கரையில யாரோ விடுறாங்க"ன்னு குதிக்கிறார். அலுமினியத்தால வகுத்துப் பாருங்கன்னு சொன்னேன், வகுத்ததும் வித்தியாசம் ஏறக்குறைய காணாமப் போச்சு. நுண்துகள் எவ்வளவு இருக்கோ அவ்வளவு உலோகம், அவ்வளவுதான் கதை. இதுக்காகத்தான் 63 மைக்ரான் சல்லடையில சலிச்சு அதுக்குக் கீழ விழுறதை மட்டும் அளக்கணும்னு ஒரு கூட்டம் சொல்லுது, இல்லன்னா அலுமினியம், லித்தியம் மாதிரி மனுஷன் அதிகம் கை வைக்காத தனிமத்தால வகுக்கணும்னு இன்னொரு கூட்டம் சொல்லுது. ரெண்டுல ஒண்ணாவது செஞ்சிருக்காங்களான்னு உங்க ரிப்போர்ட்ல பாருங்க.

பிப்ரவரி 5, மதியம்

நிக்கல் மேல்கோட்டைத் தாண்டினா மாசுதானேன்னு கேட்டவருக்கு. சராசரி ஷேல்ல நிக்கல் 68. நான் நேத்து மரியாதை குடுத்தேனே, அந்த 2000ம் வருஷ டேபிள்ல நிக்கல் மேல்கோடு 48.6. அதாவது மனுஷனே பொறக்காத காலத்துப் பாறை, பொடியாகி ஆத்துல விழுந்தா, "பாதிப்பு பெரும்பாலும் உண்டு" லிஸ்ட்ல சேந்துடும். பாறை மேல கேஸ் போடலாம். செர்பென்டைன் பாறை இருக்கிற பகுதியில நிக்கலும் குரோமியமும் நூத்துக்கணக்குல, ஆயிரக்கணக்குல கூட இயற்கையாவே கிடக்கும், பெரும்பாலும் கனிமத்துக்குள்ளயே பூட்டிக்கிடக்கும். கோடு பாத்து கத்துறதுக்கு முன்னாடி நிலவியல் மேப் ஒண்ணு பாக்கணும்.

பிப்ரவரி 6, இரவு 11.10

தூக்கம் வரல, முக்கியமானதை எழுதிடுறேன். இதுவரைக்கும் பேசினது எல்லாம் "எவ்வளவு இருக்கு"ங்கிறது. சேத்துக்குள்ள இருக்கிற புழுவுக்கு அந்தக் கேள்வியே கிடையாது. அதுக்கு எவ்வளவு கைக்கு எட்டுதுங்கிறதுதான்.

நல்லா தேங்கின இடத்துல ஒரு கட்டி சேத்தை கலையாம எடுத்து, பிளாஸ்டிக் கரண்டியால நடுவுல வெட்டிப் பாருங்க. மேல சில மில்லிமீட்டர் பழுப்பு தோல். அதுக்குக் கீழ சட்டுன்னு கன்னங்கரேல், அழுகின முட்டை நாத்தம். பழுப்பு வரைக்கும்தான் ஆக்சிஜன். கருப்புக்குக் காரணம் இரும்பு சல்ஃபைடு. காப்பர், ஈயம், காட்மியம், துத்தநாகம், நிக்கல் இந்த அஞ்சுக்கும் இரும்பை விட சல்ஃபைடு மேல பிடிப்பு ஜாஸ்தி. அதனால இரும்பைத் தள்ளிவிட்டு அந்த இடத்துல உக்காந்துக்கும், கரையாத கல்லாயிடும். சேத்துல இருக்கிற சல்ஃபைடு இந்த அஞ்சு உலோகத்தோட கூட்டுத்தொகையை விட (எடையில இல்ல, மோல் கணக்குல, அதாவது அணு எண்ணிக்கையில) அதிகமா இருந்தா, துகள் இடுக்குத் தண்ணியில உலோகம் ஏறக்குறைய இருக்காது, அந்த அஞ்சாலயும் புழு சாகாது. டி டோரோவும் கூட இருந்தவங்களும் 1990ல காட்மியத்தை வச்சு காட்டினது இதான். டெஸ்ட்டும் ஒண்ணும் பெரிய வித்தை இல்ல, குளிர்ந்த நிலையில ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஊத்தினா கிளம்புற ஹைட்ரஜன் சல்ஃபைடைப் பிடிச்சு அளக்கணும், அதே ஆசிட்ல கரைஞ்சு வர்ற உலோகத்தையும் அளக்கணும், ரெண்டையும் கழிச்சுப் பாக்கணும்.

உங்க காட்மியம் 0.9 மில்லிகிராமை மோலுக்கு மாத்தினா கிராமுக்கு 0.008 மைக்ரோமோல். கருப்பு சேத்துல சல்ஃபைடு கிராமுக்கு ஒண்ணு ரெண்டுலேர்ந்து பத்து இருபது மைக்ரோமோல் வரைக்கும் சகஜம். 0.008 அதுல ஒரு மூலைக்குக் கூட காணாது.

பிப்ரவரி 6, இரவு 11.35

ஒட்டு: இதைப் படிச்சிட்டு "சல்ஃபைடு இருந்தா கவலை இல்ல"ன்னு யாரும் ஓடிடாதீங்க. ஒண்ணு, சல்ஃபைடு அளவு பருவத்துக்குப் பருவம் மாறும். ரெண்டு, புழு இடுக்குத் தண்ணியில மட்டும் வாழல, சேத்தையே முழுங்குது. அதோட குடல்ல கல்லு எவ்வளவு நேரம் கல்லாவே இருக்கும்ங்கிறது வேற கதை, சாப்பாட்டு வழியா உலோகம் ஏறுதுன்னு தெளிவாவே காட்டியிருக்காங்க. மூணு, பாதரசம். அதைத் தனியா எழுதணும்.

பிப்ரவரி 7, காலை

பாதரசம் எழுதறதுக்கு முன்னாடி ஒரு கோபம். ஒரு இடத்துல (பேர் வேணாம்) கருப்பு சேத்து சாம்பிளை எங்ககிட்ட வாங்கி, ஓவன்ல 105 டிகிரியில மொறுமொறுன்னு காய வச்சு, பொடியாக்கி, அப்புறம் டெஸ்ஸியர் முறையில அஞ்சு பங்கா பிரிச்சு ரிப்போர்ட் குடுத்தாங்க. சுலபமா கழண்டு வர்றது, கார்பனேட்டோட இருக்கிறது, இரும்பு-மாங்கனீஸ் ஆக்சைடோட இருக்கிறது, கரிமப் பொருள்-சல்ஃபைடோட இருக்கிறது, பாறைக்குள்ள பூட்டினதுன்னு அஞ்சு. 1979லேர்ந்து ஓடுற முறை, அதுல குறை இல்ல. ஆனா காத்துல காய வச்சப்பவே சல்ஃபைடு ஆக்சிஜனேறி, அதுல உக்காந்திருந்த துத்தநாகமும் காட்மியமும் இறங்கி முதல் ரெண்டு மூணு பங்குக்குப் போயிடுச்சு. ரிப்போர்ட்ல "சுலபமா கழளும் பங்கு மிக அதிகம், அபாயம்"னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. அது ஆத்துச் சேத்தோட குணம் இல்லய்யா, உங்க ஓவனோட குணம். போன்ல சொன்னதுக்கு "எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க"ன்னாங்க. அது என்னவோ உண்மைதான்.

பிப்ரவரி 7, மாலை

சரி, பாதரசம். காட்மியத்தைப் பூட்டி வைக்கிற அதே கருப்பு சேறுதான் மெத்தில் பாதரசத்துக்கு சமையல்கட்டு. சல்ஃபேட்டை சல்ஃபைடா மாத்துற பாக்டீரியாக்கள்ல பலதும், இரும்பை ஒடுக்குற சிலதும், கனிமப் பாதரசத்தோட ஒரு மெத்தில் குழுவை ஒட்ட வச்சுடும். அதுக்குத் தேவையான ரெண்டு ஜீனை 2013லதான் அடையாளம் கண்டாங்க. அது ஆனப்புறம் பாசி, பூச்சி, சின்ன மீன், பெரிய மீன், மீன் தின்னி பறவைன்னு படிக்குப் படி செறிவு ஏறிக்கிட்டே போகும். மத்த உலோகங்கள் பெரும்பாலும் இப்படி ஏறுறதில்ல. ஹோகன்சன் டேபிள்ல பாதரசத்துக்கு 40, காட்மியத்துக்கு 30, பாத்தா பக்கத்து வீட்டுக்காரங்க மாதிரி இருக்கு. குணத்துல சம்பந்தமே கிடையாது. ஈரநிலம், அடிக்கடி முங்கி முங்கி எழுற கரை, புதுசா தண்ணி தேக்கின அணை, இங்க மொத்தப் பாதரசம் கம்மியா இருந்தாக் கூட மெத்தில் பங்கு எகிறலாம்.

ஜப்பான்ல மினமாட்டாவுல நடந்த பாதரச விஷ பாதிப்பை எல்லாருக்கும் தெரியும், 1956ல வெளிய வந்தது. அங்க ஆலையிலேர்ந்தே மெத்தில் பாதரசமா வந்தது, அது ஒரு வித்தியாசம். ஆனா வண்டல் பக்கத்தை யாரும் பேசறதில்ல. விரிகுடா அடியில 25 பிபிஎம்முக்கு (கிலோவுக்கு 25 மில்லிகிராம்) மேல பாதரசம் இருந்த சேத்தை எடுத்துக் குவிச்சு மூடுற வேலை 1977லேர்ந்து 1990 வரைக்கும் போச்சு. சுமார் 15 லட்சம் கன மீட்டர். மூடி மேடாக்கின நிலம் 58 ஹெக்டேர். மீன் வெளிய போகாம இருக்க வலை கட்டி, அதை 1997லதான் அவுத்தாங்க.

பிப்ரவரி 8, மதியம் 1.15

"அப்ப எல்லா ஆத்துலயும் தோண்டி எடுத்துடலாமே"ன்னு ஒருத்தர். தோண்டினா அந்தக் கருப்பு சேறு காத்தையும் ஆக்சிஜன் உள்ள தண்ணியையும் பாக்கும், மேல ஓவன்ல நடந்ததே ஆத்துல நடக்கும், கலங்கி கீழ போகும். எடுத்த சேத்தை எங்க போடுறது? ரைன் ஆத்து மாசு சேந்த சேத்துக்காகவே ராட்டர்டாம் துறைமுகத்துக்கு 1987ல ஸ்லுஃப்டர்னு ஒரு பெரிய கிடங்கே கட்டினாங்க. சில இடத்துல தோண்டுறதைத் தவிர வழி கிடையாது, அமெரிக்காவுல மான்டானாவுல மில்டவுன் அணைக்குப் பின்னாடி 1908 வெள்ளம் கொண்டு வந்து குவிச்ச சுரங்கக் கழிவு, ஆர்சனிக்கோட, நிலத்தடி நீர்ல இறங்கி 1981ல குடிநீர்க் கிணத்துல பிடிபட்டது. கடைசியில சேத்தை வெட்டி எடுத்து, அணையை 2008ல உடைச்சாங்க. மத்த பல இடத்துல சுத்தமான மணல் போட்டு மூடுறதோ, மேல வர்ற சோர்சை நிறுத்திட்டு புது வண்டல் தானா மூடட்டும்னு விடுறதோ போதும்.

பிப்ரவரி 8, இரவு

உணவுச் சங்கிலி உணவுச் சங்கிலின்னு நாலு பேர் எழுதிட்டீங்க. எல்லாத்துக்கும் சங்கிலி தேவையில்ல. அமெரிக்காவுல ஐடஹோவுல கோர் டலேன் ஆத்துப் படுகை, 1880கள்லேர்ந்து வெள்ளி-ஈயச் சுரங்கம். வலசை போற டண்ட்ரா அன்னங்கள் வசந்த காலத்துல அங்க இறங்கும். தண்ணிக்குள்ள கழுத்தை விட்டு செடியோட கிழங்கைத் தோண்டித் தின்னும், தின்னும்போதே சேறும் உள்ள போகும். அந்தச் சேத்துல ஈயம் கிலோவுக்கு ஆயிரக்கணக்கான மில்லிகிராம். ஈயம் ஏறினா உணவுக்குழாயும் இரைப்பையும் வேலை செய்றதை நிறுத்திடும், தின்னது இறங்காது. வயிறு நிறைய தீனியோட பட்டினியில சாகும். இதுக்கு இடையில மீனும் கிடையாது, பூச்சியும் கிடையாது, நேரா சேத்துலேர்ந்து பறவைக்கு. எந்த குறியீட்டுச் சூத்திரத்துலயும் "இந்தப் பறவை எப்படித் தின்னும்"னு ஒரு கட்டம் கிடையாது.

பிப்ரவரி 9, காலை 6.50

யாரோ அமெரிக்காவோட அனிமாஸ் ஆத்து போட்டோ போட்டிருக்காங்க, 2015ல கோல்ட் கிங் சுரங்கத்துலேர்ந்து சுமார் ஒரு கோடி லிட்டருக்கு மேல தண்ணி உடைஞ்சு வந்து ஆறே ஆரஞ்சு ஜூஸ் மாதிரி ஓடினது. அந்தக் கலர் இரும்பு ஹைட்ராக்சைடு. பாக்க பயங்கரம், ஆனா கூண்டுல விட்டு வச்ச மீன் குஞ்சுகள் பெரும்பாலும் பிழைச்சுது. அதே மலையில பழைய சுரங்கங்கள்லேர்ந்து சத்தமில்லாம பல பத்தாண்டா கசிஞ்ச துத்தநாகமும் காட்மியமும்தான் மேல் பகுதியில மீனை ஒழிச்சது. அதுக்குக் கலர் கிடையாது, அதனால போட்டோவும் கிடையாது.

பிப்ரவரி 9, இரவு 9.30

புழு பத்தி ஆசையா ஒண்ணு. நியூயார்க் மாநிலத்துல ஹட்சன் ஆத்துல ஃபவுண்ட்ரி கோவ்னு ஒரு சின்ன குடா. நிக்கல்-காட்மியம் பேட்டரி ஆலை 1953லேர்ந்து 1979 வரைக்கும் கழிவு விட்டு, சில இடத்துல சேத்துல காட்மியம் கிலோவுக்கு 10,000 மில்லிகிராமைத் தாண்டிடுச்சு. உங்க 0.9ஐ இதுக்குப் பக்கத்துல வச்சுப் பாருங்க. அங்க ஒண்ணுமே இருக்கக் கூடாதுதானே? இருந்துச்சு. லிம்னோட்ரிலஸ் ஹாஃப்மைஸ்டெரிங்கிற சிவப்புச் சேத்துப் புழு ஜோரா வாழ்ந்துச்சு. பக்கத்துல சுத்தமான இடத்துப் புழுவை அந்தச் சேத்துல விட்டா செத்துச்சு. அங்கத்துப் புழு தலைமுறை தலைமுறையா தாங்கும் தன்மையை வளத்துக்கிச்சு, காட்மியத்தை உடம்புக்குள்ள குருணையா கட்டி ஒதுக்கி வச்சுக்கும். 1994-95ல அந்த இடத்தைச் சுத்தம் பண்ணாங்க. அப்புறம் 9லேர்ந்து 18 தலைமுறைக்குள்ள அந்தத் தாங்கும் தன்மை போயிடுச்சு, தேவையில்லாத சுமையைச் சுமக்கிற புழுவை மத்ததுங்க முந்திடுச்சுன்னு அர்த்தம்.

இதுல எனக்குப் பிடிச்ச சிக்கல்: சேத்துல புழு இருக்குன்னா சேறு நல்லதுன்னு சொல்ல முடியாது. எந்தப் புழு, கூட யார் யார் இல்லைன்னு பாக்கணும். வெறும் சிவப்புப் புழு மட்டும் மொய்ச்சு, மாசு தாங்காத மேஃபிளை பூச்சிக் குஞ்சு ஒண்ணு கூட இல்லைன்னா அங்க ஏதோ நடந்திருக்கு. அது உலோகமாத்தான் இருக்கணும்னும் இல்ல, சாக்கடையா கூட இருக்கலாம்.

பிப்ரவரி 9, இரவு 10.05

கைரோனோமிட் கொசு (கடிக்காத வகை) லார்வாவோட பல்லைப் பாத்து மாசு கண்டுபிடிக்கலாமான்னு கேட்டவருக்கு: ஆமா, அதோட வாய்ப்பகுதியில ரம்பம் மாதிரி ஒரு பல் வரிசை இருக்கும். தலையை மட்டும் தனியா எடுத்து காஸ்டிக் பொட்டாஷ்ல ஊற வச்சு, சதை கரைஞ்சதும் ஸ்லைடுல கவுத்துப் போட்டு மைக்ரோஸ்கோப்புல பாத்தா பழுப்பு நிறத்துல நடுப்பல்லும் ரெண்டு பக்கமும் சரியிற சின்னப் பல்லும் சமமா தெரியும். மாசு உள்ள சேத்துல நடுப்பல் ரெண்டா பிளந்தோ, ஒரு பக்கம் பல் இல்லாமலோ, ரெண்டு பல் ஒட்டிப் போயோ வரும். தேய்ஞ்ச பல்லையும் உடைஞ்ச பல்லையும் கோணல்னு எண்ணிடக் கூடாது, கண்ணு பழகணும். சுத்தமான இடத்துலயும் கொஞ்சம் கோணல் இருக்கத்தான் செய்யும், அதனால ஒப்பிட நல்ல இடம் ஒண்ணு வேணும். மறுபடி பேக்ரவுண்டு பிரச்சனைக்கே வந்துட்டோம்.

பிப்ரவரி 10, மதியம்

கேள்வி கேட்டவர் மிச்ச டேபிளையும் போட்டிருக்கார், நன்றி. பாத்தேன். காட்மியம் காட்மியம்னு இத்தனை பக்கம் பேசினோம், ரெண்டு வரி கீழ துத்தநாகம் 610ன்னு இருக்கு, அதுக்கு எதிர்ல "அபாயம் குறைவு"ன்னு பச்சைக் கலர் அடிச்சிருக்கு. அட!

ஹோகன்சன் துத்தநாகத்துக்குக் குடுத்த நச்சு எண் 1. 610ஐ ஷேல் அளவு 95ஆல வகுத்தா 6.4, ஒண்ணால பெருக்கினாலும் 6.4. பச்சை. 3,000 இருந்தாக் கூட 31.6, அப்பவும் பச்சைதான். ஆனா உயிரி டெஸ்ட்டோட ஒத்துப் பாத்த அந்த இன்னொரு டேபிள்ல துத்தநாகத்தோட மேல்கோடு 459. உங்க ரிப்போர்ட்ல நிஜமா கோட்டைத் தாண்டியிருக்கிறது இது ஒண்ணுதான். காரணம் சிம்பிள், ஹோகன்சனோட எண்கள்ல பெரும் பங்கு எது பூமியில அபூர்வமோ அது அதிக நஞ்சுங்கிற அடிப்படையில வந்தது. துத்தநாகம் தாராளமா கிடைக்கிறது, அதனால 1. மேஃபிளை குஞ்சுக்கும் ட்ரவுட் மீன் குஞ்சுக்கும் இந்த லாஜிக் தெரியாது.

பிப்ரவரி 10, மாலை

அதே டேபிள்ல கடைசி வரி, மொத்த அபாயக் குறியீடு (ஒவ்வொண்ணுக்கும் வந்த விடையைக் கூட்டினது) 150க்கு கீழ, "குறைந்த அபாயம்". அந்த 150ங்கிற கோடு எட்டு பொருளுக்கு போட்டது: பிசிபி (ஒரு தொழிற்சாலை ரசாயனம்) 40, பாதரசம் 40, காட்மியம் 30, ஆர்சனிக் 10, காப்பர் 5, ஈயம் 5, குரோமியம் 2, துத்தநாகம் 1, மொத்தம் 133. உங்க ரிப்போர்ட்ல பிசிபி இல்ல, பாதரசம் இல்ல, ஆர்சனிக்கும் இல்ல. மிச்சம் 43. பாதிக்கு மேல கேள்வியைக் கிழிச்சுப் போட்டுட்டு பாஸ் மார்க்கை மட்டும் அப்படியே வச்சிருக்காங்க. இன்னொண்ணு, ஹோகன்சன் ஏரியோட உயிர் உற்பத்தித் திறனை வச்சு அந்த எண்களைத் திருத்தணும்னும் சொல்லியிருந்தார். ஆத்துக்கு அதை எப்படிப் போடறதுன்னு யாரும் மெனக்கெடல, சத்தமில்லாம விட்டுட்டாங்க. இதெல்லாம் அவர் தப்பு இல்ல. அவர் பேப்பர்லயே இதை முதல் சல்லடையாத்தான் வச்சார், எங்க முதல்ல பாக்கணும்னு முடிவு பண்ண.

பிப்ரவரி 11, காலை 7.20

லேப்காரங்க ரெண்டு பேர் ஆர்சனிக்கைச் சேக்கச் சொல்றாங்க. சேருங்க, ஆனா ராஜ திராவகத்துல (ஹைட்ரோகுளோரிக், நைட்ரிக் ஆசிட் கலவை) கரைச்சு ஐசிபி-எம்எஸ்ல (எடையை வச்சு தனிமத்தை அளக்கிற கருவி) போட்டா ஆர்கானும் குளோரினும் சேந்து அதே 75 எடையில வந்து உக்காரும், இல்லாத ஆர்சனிக் தெரியும். அந்தப் போலியை வடிகட்டுற ஹீலியம் செல் போட்டு ஓட்டினாங்களான்னு கேளுங்க. குரோமியத்துக்கு நேர் எதிர் பிரச்சனை, ராஜ திராவகம் குரோமைட் கனிமத்தை முழுசா கரைக்காது, ஹைட்ரோஃபுளோரிக் ஆசிட் இல்லாம மொத்தம்னு சொல்ல முடியாது. அப்படி அரைகுறையா கரைச்சதை ஷேலோட முழு அளவால வகுக்கிறதும் ஊரெல்லாம் நடக்குது.

பிப்ரவரி 11, இரவு 8.45

"அப்ப நான் என்னதான் பண்றது"ன்னு கேட்டிருக்கீங்க. காட்மியத்தை இப்போதைக்கு விடுங்க. துத்தநாகம் 610னா கிராமுக்கு 9.3 மைக்ரோமோல், சல்ஃபைடு கொஞ்சம் கம்மியான சேறுன்னா மீறிடும், அதனால அது ஒண்ணுக்கு மட்டும் மறுபடி போய் சாம்பிள் எடுக்கிறது வீண் இல்ல. முலாம் பூசின தகடு, டயர் தேய்மானம் (ரப்பர்ல துத்தநாக ஆக்சைடு கலப்பாங்க), மழைநீர் வடிகால் வந்து சேருற இடம், இதையெல்லாம் மேல் நோக்கி நடந்து பாத்துட்டே போங்க, வடிகாலுக்கு மேலயும் கீழயும் தனித்தனியா எடுங்க.

எடுத்ததுமே மூணா பிரிச்சுடுங்க. ஒண்ணு சல்ஃபைடுக்கு: பாட்டில் விளிம்பு வரைக்கும் சேத்தை அடைச்சு, மேல காத்து இடம் விடாம மூடி, ஐஸ்ல வச்சு, சீக்கிரம் லேப்புக்கு. இதை யாரும் காய வைக்கக் கூடாதுன்னு பாட்டில் மேலேயே எழுதி ஒட்டுங்க, நான் அப்படித்தான் ஒட்டுறேன். ரெண்டாவது துகள் அளவுக்கும் மொத்த உலோகத்துக்கும், அலுமினியத்தோட சேத்து. மூணாவது ஈரமாவே, உறைய வைக்காம, குளிர்ல வச்சு, கைரோனோமிட் லார்வாவையோ ஹையலெல்லாங்கிற, இறால் மாதிரி இருக்கிற சின்ன ஆம்பிபாடையோ அதுல விட்டுப் பாக்கிற லேப் கிடைச்சா அங்க அனுப்புங்க. 10 நாள் டெஸ்ட் போதும், உயிரோட இருக்கான்னு மட்டும் பாக்காம எவ்வளவு வளந்துச்சுன்னும் எடை போடச் சொல்லுங்க, துத்தநாகம் சில சமயம் கொல்லாம வளர்ச்சியை மட்டும் நிறுத்தும். இந்த மூணாவது ரிசல்ட் வந்ததும் இங்க போடுங்க, மத்த ரெண்டு லேட்டானாலும் பரவால்ல.

பிப்ரவரி 11, இரவு 8.50

ஸ்டீல் கரண்டி எடுத்துட்டுப் போகாதீங்க. முலாம் பூசின வாளியும் வேண்டாம், துத்தநாகம் தேடப் போறீங்க.